நீங்கள் சொன்ன பச்ச

பழைய இரும்பு, பித்தளை எடுக்கிறவர் இன்று காலையில் வந்தார். கொட்டகையில் சாக்குப் போட்டு மூடியிருந்த உங்கள் வண்டியின் பாட்டு ஆரனை நான்தான் இழுத்து வெளியே போட்டேன். ஐந்து பித்தளைக் குழாய்களும் களிம்பேறிப் போய்க் கிடந்தன. அவர் சும்மா இருக்கவில்லை. இருப்பதிலேயே நெட்டையான குழாயை எடுத்து, பின்மூக்கில் வாயை வைத்து ஊதிப் பார்த்தார். உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு இன்னும் சாகவில்லை. 'பூ' என்று ஒரு சத்தம் எழுந்தது. எதிர்வீட்டில் தறிக்குப் பாவு ஓட்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லாத்தானக்கா இருக்கு? எதுக்கு எடைக்குப் போடுறீக?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கிறதாலதான் போடுறேன்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. தராசைத் தூக்கினார். நான் உள்ளே வந்து உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.

நாம் வீட்டில் பேசிக்கொண்டது தெலுங்கு. ஆனால் எனக்கு எழுத வருவது தமிழ் மட்டும். நூல் கட்டில் ஒட்டியிருக்கும் சீட்டு, பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயர், கோயில் சுவரில் எழுதியிருக்கும் பதிகம் என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டி நானே பிடித்துக்கொண்ட எழுத்து. அந்த எழுத்தில் யாத்திரைக்கு வேண்டிய அரிசி, பருப்பு, உப்பு, புளிக் கணக்கெல்லாம் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. கூடவே இருக்கிற மனிதருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? வாயால் சொன்னால் போதும் என்றுதான் நினைத்தேன். வாயால் சொன்னபோதெல்லாம் "சரி விடு" என்றீர்கள். இப்போது "சரி விடு" என்று சொல்ல நீங்கள் இல்லை. அதனால் எழுதி முடிக்கலாம்.

முதல் வண்டியிலிருந்தே சொல்கிறேன். அது பட்டாளத்து ஏலத்தில் வந்த வண்டி. நீங்கள் அதற்குள் பலகை அடித்து, பக்கத்துக்கு இரண்டு அடுக்காகப் படுக்கை போட்டீர்கள். பின்கதவை ஒட்டி இரண்டு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு தண்ணீர்ப் பீப்பாய். கூரைமேல் அண்டாவும் குண்டானும். அருப்புக்கோட்டையில் யாரும் அதை யாத்திரை வண்டி என்று சொன்னதில்லை. வீட்டு வண்டி என்றுதான் சொன்னார்கள். "இவுக மறுபடியும் குடித்தனத்தைக் கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாக" என்று தெருவே சிரிக்கும். உங்கள் அண்ணன் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்ப்பார். நீங்கள் ஓட்டுவீர்கள். நான் சமைப்பேன். மகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருவேன். பழனி, திருச்செந்தூர், ராமேசுவரம், திருப்பதி எல்லாம் அந்த வண்டியில் பார்த்ததுதான்.

அந்த நாட்களைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். நன்றாக இருந்தோம். பள்ளம் வந்தால் குழம்பு தளும்பாமல் இருக்கக் நடை வேகத்தில் வண்டியை நகர்த்துவீர்கள். ஓட்டிக்கொண்டே, ஐந்து குழாயில் குட்டையானதை மட்டும் தனிப் பொத்தானால் 'பிப்' என்று ஒருமுறை விடுவீர்கள். உங்களுக்குக் காப்பி வேண்டும் என்று அர்த்தம். நான் கரண்டியால் பீப்பாயில் ஒரு தட்டு தட்டுவேன். இப்போது முடியாது, கை வேலையாக இருக்கிறது என்று அர்த்தம். வண்டிக்குள் இருக்கும் யாத்திரைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ராமேசுவரத்துக் கடற்காற்றில் பலகைப் படுக்கையில் படுத்திருக்கும்போது, சொந்தமாக ஒரு கல்வீடு இல்லாத குறை எனக்கு ஒரு பொழுதும் தோன்றவில்லை.

அந்த ஆரன் உங்கள் செல்லப்பிள்ளை. மலைமேல் ஏதோ தோட்டத்துத் துரையின் காரிலிருந்து கழற்றியது என்று வாங்கி வந்தீர்கள். பானட்டுக்குள் ஒரு பெட்டி, அதில் ஐந்து மூக்கு. ஒவ்வொரு மூக்கிலிருந்தும் ஒரு ரப்பர் டியூப்பு கூரைமேல் இருக்கும் ஒரு குழாய்க்குப் போகும். பொத்தானை அமுக்கினால் பெட்டிக்குள் உருளை சுற்றி மூக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவிடும். காற்று போய், நெட்டையிலிருந்து குட்டைவரை குழாய்கள் படியேறுகிற மாதிரி வரிசையாகப் பாடும். அது "புறப்படுவோம், புறப்படுவோம்" என்று சொல்கிறது என்பார்கள் யாத்திரைக்காரர்கள். திருச்சுழிப் பக்கத்துக் காட்டில் பருத்தி எடுக்கிற பெண்கள்கூட அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கும்பிடுவார்கள். "எஞ்சின் வண்டிக்கு வயிறு, ஆரன்தான் வாய். வாயில்லாத வண்டி ஊர் சேராது" என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள்.

பட்டாளத்து வண்டியின் அடிச்சட்டம் விரிசல் விட்டது எழுபது பிறப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. அதே சமயத்தில் மதுரைப் பக்கம் ஒரு நாடகக் கம்பெனி கலைந்து, அவர்கள் ஊர் ஊராகப் படுத்து எழுந்த வண்டி விலைக்கு வந்தது. அதுவும் பழையதுதான். ஆனாலும் பெரியது, எஞ்சின் நல்ல எஞ்சின். "இது காசிவரைக்கும் போகும்" என்று நீங்கள் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. காசி! அதுவரை தெற்கே மட்டும் சுற்றினவள் நான். அந்த வண்டிக்குள் ஒட்டியிருந்த அரிதார வாசம் போகச் சாணிப்பாலும் மஞ்சள் தண்ணீருமாக எத்தனை தடவை கழுவினேன் என்று உங்களுக்குத் தெரியும். கங்கையில் என்ன பெயர் சொல்லி முழுகவேண்டும், எந்தப் படித்துறையில் எது என்றெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி மனப்பாடம் செய்தேன். எத்தனை பேருக்கு எத்தனை நாளைக்கு என்ன சாமான் என்று கணக்குப் போட்டது நான். பொடி இடித்தது நான். அப்பளம் இட்டது நான்.

பழைய வண்டியிலிருந்து ஆரனைக் கழற்றிப் புது வண்டிக்கு மாற்ற வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக் காலில் நின்றீர்கள். உங்கள் அண்ணனுக்கு அது வேண்டாத வேலை. "நாடகக்காரன் வண்டிக்கு ஏற்கெனவே ஒரு ஆரன் இருக்கேடா" என்றார். நீங்கள் கேட்கவில்லை. வீரசோழனிலிருந்து மெக்கானிக் அமீது பாயைக் கூட்டி வந்தீர்கள். பழைய டியூப்புகள் வெடித்திருந்ததால் புது டியூப்பு போடவேண்டியிருந்தது. புதியவை எல்லாம் ஒரே கறுப்பு. எந்த மூக்கு எந்தக் குழாய்க்கு என்று கழற்றிய பிறகு தெரியாமல் போய்விடும். அதற்கு நான் ஒரு வழி சொன்னேன். நம் வீட்டுத் தறிக்கு வந்திருந்த சாய நூலில் ஐந்து நிறம் எடுத்தேன். கழற்றும் முன்பே ஒவ்வொரு மூக்கிலும், அதற்குரிய குழாயின் கழுத்திலும் ஒரே நிற நூலைக் கட்டினேன். முதலாவது சிவப்பு, இரண்டாவது வெள்ளை, மூன்றாவது மஞ்சள், நான்காவது பச்சை, ஐந்தாவது கறுப்பு. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். "நெசவுக்காரி புத்தி" என்று என் தலையில் செல்லமாகத் தட்டினீர்கள்.

அமீது பாய் கூரைமேல் குழாய்களோடு. நீங்கள் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு பெட்டியோடு. ஒரு டியூப்பை ஒரு மூக்கில் மாட்டிவிட்டு, அந்த மூக்கின் நூல் நிறத்தைச் சத்தமாகச் சொல்லி டியூப்பை ஆட்டுவீர்கள். அவர் ஆடுகிற டியூப்பைப் பிடித்து அந்த நிறக் குழாயில் மாட்டுவார். நான் அடுக்களையில் மாவுக்கு அரிசி வறுத்துக்கொண்டிருந்தேன். சன்னல் வழியாக எல்லாம் காதில் விழுந்தது.

"சிவப்பு!"

"மாட்டியாச்சு!"

"வெள்ளை!"

"ஆச்சு!"

"பச்ச!"

"ஆச்சு, அடுத்து!"

"கறுப்பு!"

"ஆச்சு!"

"நாலாவது ஒண்ணுதான் பாக்கி, அதைச் சொல்லவே வேணாம் பாய், மிச்சம் கெடக்கிறதுல மாட்டுங்க!"

நம் வீட்டுத் தெலுங்கில் மஞ்சளும் பச்சதான், இலையும் பச்சதான். பிரித்துச் சொல்லவேண்டும் என்றால் இலைக்கு ஆகுபச்ச, மஞ்சளுக்குப் பசுபுபச்ச என்று முன்னால் ஒன்று சேர்ப்போம். அவசரத்தில் எல்லாம் வெறும் பச்ச. மஞ்சள் காமாலையைக்கூட நாம் பச்ச காமாலை என்றுதான் சொல்வோம். அன்றைக்கு நீங்கள் மூன்றாவது மூக்கின் மஞ்சள் நூலைப் பார்த்துப் பச்ச என்றீர்கள். தமிழர் ஒருவர் கூரைமேல் இருக்கிறார் என்பது அந்த நிமிஷம் உங்களுக்கு மறந்துவிட்டது. அடுக்களையில் இருந்த எனக்கும் அது மஞ்சள் என்றே விழுந்தது. மூன்றாவது மஞ்சள், சரிதான் என்று வறுத்த அரிசியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அமீது பாய் தமிழில் கேட்டார். பச்சைக் குழாயில் மாட்டினார். மிச்சம் இருந்த டியூப்பு மஞ்சள் குழாய்க்குப் போனது. மூன்றும் நான்கும் இடம் மாறின. இந்தத் தப்பை நம் தெருவைத் தவிர வேறு எங்கும் யாரும் செய்திருக்க முடியாது.

அமுக்கிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். உங்கள் அண்ணன் விடவில்லை. "வண்டி நமக்குப் புதுசு. இதோட முதல் சத்தம் சாமி காதுலதான் விழணும்" என்றார். அதில் எனக்கும் சம்மதம்தான்.

திருச்சுழிக் கோயில் வாசலில்தான் புறப்பாடு. கரிசல் காட்டு ஊர்களிலிருந்து வந்த விவசாயச் சம்சாரிகள் மூட்டை முடிச்சோடு காத்திருந்தார்கள். வழியனுப்ப வந்தவர்கள் வேறு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தேங்காய் உடைத்தாயிற்று. சுமங்கலி ஒருத்தி நிறைகுடத்தோடு வலது காலை முதலில் வைத்து ஏறவேண்டும். அந்தக் கால் படியில் படும்போது ஆரன் ஒலிக்கவேண்டும். எப்போதும் போல நான்தான் குடத்தைத் தூக்கினேன். காலை வைத்தேன். நீங்கள் அமுக்கினீர்கள்.

இரண்டு படி ஏறியது. மூன்றாவதில் தாவியது. பிறகு கீழே விழுந்து, மறுபடி கிறீச்சிட்டு மேலே போனது.

முதலில் சிரிப்புதான் வந்தது. "என்னப்பா, உன் ஆரன் திக்குது!" என்றார் ஒருவர். "காசின்னதும் அதுக்கே பயம் வந்துருச்சு போல" என்றார் இன்னொருவர். உங்கள் அண்ணன் மறுபடி அமுக்கச் சொன்னார். அதே சத்தம். அப்போதுதான் முன்வரிசையில் நின்ற கிழவி வாயைத் திறந்தாள்.

"சிரிக்காதீகப்பா, நல்லாக் கேளுங்க. எழவு வீட்டுல மாரடிக்கிறவ மூச்சு வாங்குற மாதிரியில்ல இருக்கு. இந்தப் பொம்பளை கால வைக்கவும் அழுகுதே வண்டி."

சிரிப்பு நின்றுபோனது. வண்டிக்குள் முன்னமே இடம் பிடித்து வைத்த ஒருவர் தன் மூட்டையைக் கீழே இறக்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர்.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. சன்னல் வழியாகக் கேட்ட "பச்ச!" அப்படியே காதுக்குள் திரும்பி வந்தது. படியில் நின்றபடியே எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "ஒண்ணுமில்லை, மூணும் நாலும் மாறிக் கெடக்கு. டியூப்பை மாத்திப் போட்டாச் சரியாயிரும்."

"பொம்பளைக்கு ஆரன் கணக்கும் தெரியுதோ?" என்றார் உங்கள் அண்ணன். முகம் கறுத்திருந்தது. சேர்த்த ஆட்கள் கலைந்து போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களிடம் திரும்பி, "நூல் கட்டி அடையாளம் வச்சது யாருடா?" என்று கேட்டார்.

நான் உங்களிடம் மெதுவாகத் தெலுங்கில் சொன்னேன், நீங்கள் பச்ச என்றீர்கள், அவர் தமிழ்க்காரர் என்று. உங்கள் முகத்தில் அது போய் இறங்கியதைப் பார்த்தேன். கண் ஒருமுறை பானட்டின் பக்கம் போய் வந்தது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். அப்புறம் நீங்கள் தமிழில், அத்தனை பேருக்கும் கேட்கும்படி, பதில் சொன்னீர்கள்.

"நூல் கட்டினது அவள்தான்."

நீங்கள் பொய் சொல்லவில்லை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"இறங்கு தாயி" என்றார் உங்கள் அண்ணன். "இத்தனை பேரு உசுரு வண்டிக்குள்ள இருக்கு. தூரப் பயணம்." ஏறும்போது வலது காலை வைக்கச் சொன்னவர்கள், இறங்கும்போது எந்தக் காலை வைக்கவேண்டும் என்று சொல்லவில்லை. என் கையிலிருந்த குடத்தை வாங்கித் தண்ணீரை வேலியோரம் கொட்டினார். வேறு குடத்தில் வேறு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வழியனுப்ப வந்திருந்த தன் மனைவியை ஏறச் சொன்னார். அந்த அக்கா திருதிருவென்று விழித்துக்கொண்டு ஏறினார், பாவம். என் மாற்றுச் சேலை மூட்டையை இறக்கிக் கொடுத்தார்கள். பொடி டப்பாக்களை இறக்கவில்லை. ஆரனை ஒலிக்காமலே வண்டி புறப்பட ஏற்பாடு நடந்தது.

நீங்கள் என் பக்கத்தில் வந்து, "இப்ப ஒண்ணும் பேசாத, அடுத்த பயணம் பாத்துக்குவோம்" என்றீர்கள். நான் மூட்டையை எடுத்துக்கொண்டேன்.

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் நம்மைத் தெரிந்தவர். "என்னக்கா, காசிக்குப் போறேன்னீக, அதுக்குள்ள போயிட்டுத் திரும்பிட்டீகளா?" என்றார். அவருக்கு விளையாட்டு. பஸ்ஸே சிரித்தது. நான் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். எல்லாம் மழைக்குக் காத்துக்கிடந்த காடு.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றபோதுதான் அது கேட்டது. புறப்படுவோம், புறப்படுவோம். படி பிசகாமல், பழைய வண்டியில் கேட்ட அதே மாதிரி. மதுரை ரோட்டுக்குத் திரும்ப நம் வண்டி வேகத்தைக் குறைத்து வந்துகொண்டிருந்தது. சன்னலோரம் அந்தக் கிழவி. ஆரனைக் கேட்டு அண்ணாந்து பார்த்தாள், பிறகு ரோட்டோரம் நிற்கிற என்னைப் பார்த்தாள். கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா, அவ இறங்கவும் பாடிருச்சு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நீங்கள் நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனீர்கள்.

வழியில் ஓடைப் பாலத்தருகே எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று நிறுத்தி, பானட்டைத் திறந்து, யாரும் பார்க்காமல் இரண்டு டியூப்பையும் மாற்றி மாட்டியதைக் காசியிலிருந்து திரும்பி வந்த பிறகு நீங்களே சொன்னீர்கள். ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்டு வந்தவர் மாதிரி சொன்னீர்கள். மாட்டாமலே விட்டிருந்தால்கூட ஒருவேளை நான் தப்பித்திருப்பேன். வண்டி போகிற ஊரெல்லாம் திக்கியிருக்கும். நூலிலோ டியூப்பிலோ ஏதோ கோளாறு என்று நாலு பேராவது சொல்லியிருப்பார்கள். நான் இறங்கின பிறகு சரியாகப் பாடியதுதான் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அந்தச் சாட்சியை உங்கள் கையாலேயே மாட்டினீர்கள்.

"அங்கேயே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

சொன்னீர்கள்: "ஆரனையே மாத்தி மாட்டினவன் பிரேக்கை எப்படி மாட்டியிருப்பான்னு கேட்பாங்க. உன்னைச் சொன்னா நீ ஒருத்தி இறங்குவ. என்னைச் சொன்னா வண்டியே இறங்கியிருக்கும்."

கணக்குப் பார்க்கிறவள் நான். அந்தக் கணக்கில் பிழை சொல்ல முடியவில்லை. அன்றைக்கு, அந்த வாசலில், அத்தனை பேருக்கு நடுவில், நீங்கள் சொன்னது சரி என்றே வைத்துக்கொள்கிறேன். திரும்பி வந்த பிறகு? பயணம் நல்லபடியாக முடிந்து, எல்லோரும் கங்கைச் செம்போடு வீடு போய்ச் சேர்ந்த பிறகு, உங்கள் அண்ணனை மட்டுமாவது கூப்பிட்டுச் சொல்ல எது தடுத்தது? "சரி விடு. அடுத்த பயணம் பாத்துக்குவோம்" என்றீர்கள். அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்க்கும்போதே உங்கள் அண்ணன் சொல்லித்தான் சேர்த்தார், அந்தப் பொம்பளை வரமாட்டாள் என்று. வண்டி தெருவைத் தாண்டுகிறவரை என்னைப் பின்கட்டில் இருக்கச் சொன்னார்கள். பொடி மட்டும் நான் இடித்துக் கொடுக்கவேண்டும். கணக்கு நான் போட்டுக் கொடுக்கவேண்டும். அந்த அக்காவுக்கு உப்பு நிதானம் வராது. "சாமி தரிசனம் நல்லாயிருந்துச்சு, சாம்பார்தான் கடலு" என்று திரும்பி வருகிறவர்கள் சொல்வார்கள். சிரிப்பேன். சிரித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போவேன்.

அமீது பாய்க்கு இது எதுவும் தெரியாது. ஒரு வருஷம் கழித்து காற்றுப் பம்பைப் பழுது பார்க்க வந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது, "என்ன தங்கச்சி, இப்பல்லாம் வண்டியில உங்களைக் காணோமே" என்று கேட்டார். நீங்கள் அப்போது நூல் கடைக்குப் போயிருந்தீர்கள். சொன்னேன். அவர் கையிலிருந்த திருகுச்சாவியைக் கீழே வைத்துவிட்டார்.

"அடப் பாவத்த! அவுக பச்சைன்னாக, நான் பச்சையில மாட்டுனேன். மஞ்சளைப் பச்சைன்னு சொல்ற ஊரு இருக்குன்னு எனக்கு என்னத்தம்மா தெரியும்?" முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "நான் போய் அண்ணன்கிட்ட சொல்றேன். கையில மாட்டுனவன் நானு. நான் சொன்னா நம்புவாக."

நீங்கள் வந்தீர்கள். அவர் உங்களிடமும் அதையே சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சாமியை நினைத்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

"பழசைக் கிளறாதீங்க பாய்" என்றீர்கள். "எல்லாம் ஓய்ஞ்சு போச்சு."

உங்களுக்கு ஓய்ந்திருக்கலாம். எனக்கு அது வண்டியோடு நிற்கவில்லை. தறிக்குப் பூசை போடும்போது முதல் நூலைத் தொட வேறு பெண்ணைக் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டு வளைகாப்பில் எனக்கு வளையல் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு வளையல் பூட்ட மட்டும் கூப்பிடவில்லை. யாரும் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. நல்ல பேச்சுதான் பேசினார்கள். குங்குமம் கொடுக்கும்போது மட்டும் என்னைத் தாண்டிப் போய்விட்டு, ஞாபகம் வந்தவர்கள் மாதிரி கடைசியில் திரும்பி வருவார்கள். நம் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்து நின்றபோது ஆரத்தித் தட்டை நான்தான் கரைத்து வைத்திருந்தேன். தூக்கப்போகும் நேரத்தில் உங்கள் அண்ணன் வந்து, "நீ உள்ள பந்தியைப் பாரும்மா" என்றார். தட்டு கை மாறியது. நீங்கள் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் கண் என் மேல் பட்டது. ஒரு சொல் போதும். அன்றைக்கு வண்டி இறங்கிவிடும் என்ற பயம்கூட இல்லை. வண்டி ஓய்ந்து கொட்டகையில் கிடந்தது. ஆனாலும் நீங்கள் பந்தல்காலைத்தான் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை. அப்படி யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, எனக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விசிறுவீர்கள். அதனால்தான் எரிச்சல் ஆறவில்லை. கெட்டவர் என்றால் ஒரேயடியாக வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

படுக்கையில் விழுந்தபோது நாக்குக் குழறியது. ஒருநாள் கையை ஆட்டிக் கூப்பிட்டீர்கள். குனிந்தேன். "அந்த ஆரன்..." என்றீர்கள். மூச்சு வாங்கியது. நான் காத்திருந்தேன். இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னும் கொஞ்சம் காத்திருப்பதில் என்ன? உங்கள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "சொல்லுங்க" என்றேன். தெலுங்கில்தான் சொன்னேன்.

"அந்த ஆரனை வித்துறாத" என்றீர்கள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு புரிகிற மாதிரி எதுவும் பேசவில்லை. இன்றைக்கு விற்றுவிட்டேன்.

நீங்கள் போன பிறகு எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள், இனி நல்லது கெட்டதுக்கு முன்னால் வந்து நிற்க முடியாதே என்று என் கையைப் பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன், அது உங்களுக்காக. அவர்கள் சொன்னதற்காக இல்லை. தாலி இருக்கும்போதே எனக்கு அது பழக்கமாகிப் போயிருந்தது. புதிதாக எதையும் அவர்கள் என்னிடமிருந்து எடுக்கவில்லை.

இப்போது உங்கள் அஸ்திச் செம்பு கொல்லைப்புறத்து வேப்பமரத்தில் கட்டித் தொங்குகிறது. மகளும் மருமகனும் ரயிலுக்குப் பதிந்துவிட்டார்கள். கங்கையில் கரைக்க வேண்டும், அம்மாவும் வரவேண்டும் என்று நிற்கிறார்கள். போகிறேன். இத்தனை வயதுக்கு மேல் எனக்குக் காசி கிடைக்கிறது, உங்களைத் தூக்கிக்கொண்டு போவதால் கிடைக்கிறது. அஸ்தியோடு ஏறுகிறவளை அபசகுனம் என்று இறக்கிவிட யாருக்கும் வாய் வராது.

நேற்று மகள் கூடப் படுத்துக்கொண்டு பேசினாள். "காசிக்குப் போனா ரொம்பப் பிடிச்ச ஒண்ணை அங்கேயே விட்டுட்டு வரணுமாம்மா. நீ அப்பா மேல இருக்கிற கோவத்தை விட்டுட்டு வந்துரு" என்றாள். விவரம் எல்லாம் அவளுக்குத் தெரியாது. ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

"எனக்குக் கொத்தவரங்காய் பிடிக்கும், அதை விட்டுட்டு வாரேன்" என்றேன். அவள் சிரித்தாள். அவள் சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை.

உங்களைக் கரைப்பதில் ஒரு குறையும் வைக்க மாட்டேன். முறைப்படி முழுகுவேன். உங்கள் பெயரைச் சாமிக்கு முன்னால் என் வாயால் சொல்வேன். உயிரோடிருக்கும்போது ஒருநாளும் சொல்லாத பெயர். நல்ல கதி கொடு என்று மனதாரக் கேட்பேன், அதிலும் பொய் இல்லை. நீங்கள் கோயில் வாசலில் தமிழில் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் விடமாட்டேன். அது என்னோடு கங்கைக்கு வரும். என்னோடு முழுகும். ஈரத்தோடு என்னோடேயே திரும்பி அருப்புக்கோட்டைக்கு வரும்.